ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்காதீர்கள்: வீட்டில் சரியாகக் கலந்து கொடுக்கும் முறை

அக்கா மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. இரண்டு நாளாக விடாமல் வயிற்றுப்போக்கு. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அதாவது பேதியில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைத் தூள், வாங்கி வந்து அக்கா கலந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளைக்குத் தாகம் அடங்கவே இல்லை. அழுதபடி டம்ளரைப் பிடித்து இழுத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "பாக்கெட்டை எவ்வளவு தண்ணியில கலந்தம்மா?"

"ஒரு டம்ளர் தண்ணியில பாதி பாக்கெட் போட்டேன் சிஸ்டர்."

அவர் திட்டவில்லை. மேசையில் இருந்த ஒரு பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்த வரியை விரலால் காட்டினார். முழு பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. டம்ளர் 200 மில்லி என்று வைத்தாலும், அக்கா கொடுத்தது இருக்க வேண்டியதைவிட இரண்டரை மடங்கு கெட்டியான உப்பு நீர். நல்லவேளையாகச் சீக்கிரம் போய்விட்டோம், பிள்ளை தேறிவிட்டான். ஆனால் அன்றிலிருந்து யார் வீட்டில் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றாலும் நான் கேட்பது அந்த நர்ஸ் கேட்ட அதே கேள்வியைத்தான்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்?

பேதியில் போவது வெறும் தண்ணீர் இல்லை, உப்புகளும் சேர்ந்தே போகின்றன. வெறும் தண்ணீராகக் கொடுத்தால் குடல் அதை முழுதாக உறிஞ்சிக்கொள்வதில்லை. சிறுகுடல் சுவரில் ஒரு தனி வாசல் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும், பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை விளக்கினார். கடுமையான வயிற்றுப்போக்கிலும் பெரும்பாலும் இந்த வாசல் பழுதாவதில்லை. ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது இதனால்தான்.

சர்க்கரை அதிகமானால் நடப்பது தலைகீழ். கெட்டியான கரைசல் உடம்பில் இருக்கும் தண்ணீரையே குடலுக்குள் இழுக்கும், பேதி கூடும். உப்பு அதிகமானால் ரத்தத்தில் சோடியம் ஏறும். சின்னக் குழந்தைக்கு அது வலிப்பு வரை கொண்டுபோகும். தண்ணீர் கூடிப்போனால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம், உப்பு போதாமல் போய்விடும்.

இந்த எளிய கரைசல் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறது என்பதற்கு 1971 ஒரு சாட்சி. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோகும் நிலை. டாக்டர் திலீப் மகாலனோபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கலந்து பெரிய கலன்களில் நிரப்பி வைத்தார். கூட இருந்த உறவினர்களே நோயாளிக்குக் கொடுத்தார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அங்கே கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல, அம்மாக்களும் அண்ணன்களும்தான். நம்மாலும் முடியும்.

படி 1: பாக்கெட்டைப் படியுங்கள்

கடையில் இரண்டு அளவு கிடைக்கும். ஏறக்குறைய 21 கிராம் இருக்கும் பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் இருக்கும் சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதன்படி ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9.

பழச்சாறு மாதிரி அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அவற்றில் சர்க்கரை பல மடங்கு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. அதுவரை எத்தனை தாய்மார்கள் நம்பி வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு பதறுகிறது.

படி 2: ஒரு லிட்டரை அளந்து எடுங்கள்

முக்கால்வாசித் தவறு நடக்கும் இடம் இதுதான். வீட்டு டம்ளரை நம்பாதீர்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொண்டு அதில் அளக்கலாம். இல்லையென்றால் அரை லிட்டர் பால் பாக்கெட்டை நன்றாகக் கழுவி, அதில் இரண்டு முறை பிடித்து ஊற்றலாம். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.

படி 3: முழு பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்டுங்கள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பாக்கெட்டை வெட்டி, மூலையில் ஒட்டியிருக்கும் தூளையும் தட்டிக் கொட்டி, அடியில் எதுவும் தங்காமல் கலக்குங்கள். "ஒரு லிட்டர் வீணாப் போகுமே" என்று பாதி பாக்கெட்டை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைக்க வேண்டாம். தூளைக் கண்ணால் பார்த்துப் பாதியாக்க முடியாது, திறந்த பாக்கெட்டில் ஈரமும் ஏறிவிடும். கொஞ்சம்தான் வேண்டும் என்றால் 200 மில்லி பாக்கெட்டை வாங்குங்கள்.

கலந்ததை மறுபடி கொதிக்க வைக்கக் கூடாது. பால், ஜூஸ், கூடுதல் சர்க்கரை எதுவும் சேர்க்கக் கூடாது. வாயில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் அளவு தப்பிவிட்டது, கீழே ஊற்றிவிட்டு வேறு கலக்குங்கள். மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

படி 4: மெதுவாகக் கொடுங்கள்

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி. இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200 மில்லி. பெரியவர்கள் தாகம் அடங்கும்வரை குடிக்கலாம்.

கைக்குழந்தைக்குப் பாலாடையிலோ சின்னக் கரண்டியிலோ புகட்டுங்கள், புட்டிப்பால் பாட்டில் வேண்டாம். குடித்ததை வாந்தி எடுத்துவிட்டால் பலரும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. பத்து நிமிஷம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு டீஸ்பூன் என்று திரும்பத் தொடங்குங்கள். கை வலிக்கும், தூக்கம் வரும். வீட்டில் இருப்பவர்கள் முறை வைத்துக் கொடுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடுகிற பிள்ளைக்குக் குழைந்த சோறு, தயிர், இட்லி, வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். "வயித்தைக் காயப் போடு" என்பது பழைய பழக்கம். பேதியில் ஏற்கெனவே இளைத்த பிள்ளையை அது இன்னும் இளைக்க வைக்கும்.

கூடவே துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினமும் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம், மொத்தம் 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

நடு ராத்திரி, பாக்கெட் இல்லை என்றால்?

ஒரு லிட்டர் தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. டீஸ்பூன் என்றால் 5 மில்லி. இருமல் மருந்துடன் வரும் மூடியில் 5 மில்லி கோடு இருக்கும், அதில் அளக்கலாம். ஸ்பூனில் எடுத்தால் கத்தியின் பின்பக்கத்தால் மேலே வழித்துவிடுங்கள், குவியலாக எடுத்தால் கணக்குத் தப்பும். கல் உப்பு வேண்டாம், அளவு சரியாக வராது. இதில் பொட்டாசியம் இல்லை என்பதால் விடிந்ததும் பாக்கெட் வாங்கிவிடுங்கள்.

இளநீர் நல்லதுதான், பொட்டாசியம் நிறைய உண்டு. ஆனால் சோடியம் குறைவு, ஆகவே ஓ.ஆர்.எஸ்ஸுக்குப் பதில் ஆகாது. உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணீர் இரண்டையும் இடையிடையே கொடுக்கலாம்.

எப்போது கிளம்ப வேண்டும்?

வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெதுவாகக் கிள்ளி விடுங்கள். உடனே சமமாகாமல் மடிப்பு மெதுவாக இறங்கினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. கண் உள்ளே போயிருப்பது, அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, உச்சிக்குழி பள்ளமாக இருப்பது எல்லாம் அதே அறிகுறிதான். ஊரில் இதைப் பார்த்து "உரம் விழுந்துடுச்சு", "மாந்தம்" என்பார்கள், தொக்கம் எடுக்கத் தூக்கிப் போவார்கள். சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

மலத்தில் ரத்தம், குடிப்பதெல்லாம் வாந்தி, கடும் காய்ச்சல், எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, அரிசி கழுவிய தண்ணீர் போலத் தொடர்ந்து போவது, குழந்தைக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பது: இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ள பெரியவர்களுக்கும் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வண்டி இல்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். கலந்த பாட்டிலையும் கரண்டியையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை விழித்திருந்து விழுங்க முடிந்தால், போகிற வழியெல்லாம் ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.