கேட்சர் இடத்துக்குப் போட்டியா? கோட்டைவிட வைக்கும் தவறுகள்

பேஸ்பால் அணித் தேர்வு நாளன்று இரண்டாம் பேஸுக்கு ஐந்து முறை எறிந்தேன். ஐந்தும் முழங்கால் உயரத்தில், அங்கே வாங்க நின்ற ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) கையுறையை நகர்த்தவே தேவையில்லாதபடி போய் விழுந்தன. வேடிக்கை பார்த்த சீனியர்கள் கைதட்டினார்கள். அன்று மாலை வாட்ஸ்அப்பில் அணிப் பட்டியல் வந்தது. கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை வாங்குபவர், என்ற இடத்தில் என் பெயர் இல்லை. என்னைவிடக் குட்டையான, என்னைவிட மெதுவாக எறியும் ஒருவனின் பெயர் இருந்தது.

மறுநாள் பயிற்றுவிப்பாளரிடம் காரணம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையிலிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினார். எறிதலுக்கென்று அதில் ஒரு கட்டம்கூட இல்லை. என் பெயருக்கு நேரே ஏழு கோடுகள் இருந்தன. முந்தைய நாள் காலையில், பிட்சர்கள் (பேட்டரை நோக்கிப் பந்து எறிபவர்கள்) உடலைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, என்னைத் தாண்டிப் பின்வேலிக்கு ஓடிய பந்துகள் அவை. அவற்றை யாரும் எண்ணுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

இது நடந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இப்போது சனிக்கிழமைகளில் கல்லூரிக் கேட்சர்களுக்குப் பயிற்சியில் உதவப் போகிறேன். 2019 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பேஸ்பாலின் உறவான மென்பந்தில் (சாஃப்ட்பால்) சிங்கப்பூர் ஆண்கள் அணி தங்கம் வென்றபின், “அது என்ன விளையாட்டு?” என்று கேட்கும் தமிழ்ப் பெற்றோர் கொஞ்சம் குறைந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் தவறுகள் மட்டும் மாறவில்லை. வெளிக்களத்தில் மூன்று இடங்கள் உண்டு. பிட்சர்கள் மாறி மாறி வருவார்கள். கேட்சருக்கு ஒரே இடம்தான். அதற்கு மூன்று பேர் நின்றால் இருவர் பெஞ்சில் உட்கார வேண்டும். அவர்கள் பெரும்பாலும் திறமைக் குறைவால் உட்காருவதில்லை. எதைக் காட்ட வேண்டும் என்று தெரியாததால் உட்காருகிறார்கள்.

கையை நம்பிக் கெட்டவர்கள்

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட முழு ஆட்டத்தில் கேட்சரை நோக்கி ஏறத்தாழ 120 முதல் 150 பந்துகள் வரும். ஓட்டக்காரர் இரண்டாம் பேஸைத் திருட, அதாவது பேட்டர் அடிக்காமலே அங்கே போய்ச் சேர, ஓடுவது இரண்டு மூன்று முறை இருந்தாலே அதிகம். ஆனால் தேர்வுக்கு வரும் பையன்கள் மாதக்கணக்கில் பழகிவிட்டு வருவது அந்த இரண்டு மூன்று எறிதல்களைத்தான். மீதி நூற்றுச் சொச்சம் பந்துகள் தானாக மிட்டில் (கேட்சரின் தடித்த கையுறையில்) வந்து விழும் என்று நம்புகிறார்கள்.

எறிதலிலும் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். பந்து கேட்சரின் மிட்டில் விழும் நொடி முதல் இரண்டாம் பேஸில் இருப்பவரின் கையுறையில் விழும் வரை ஆகும் நேரத்தைப் பாப் டைம் என்பார்கள். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் அது சராசரியாக 2 விநாடி. தூரம் 38.8 மீட்டர். மென்பந்தில் அதே தூரம் 25.86 மீட்டர்தான் என்பதால், அங்கிருந்து வருபவர்கள் முதல் மாதம் முழுக்கப் பந்தைத் தரையில் குத்துவார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த 2 விநாடியில் 0.1 விநாடியைக் கைவலுவால் மட்டும் குறைக்க வேண்டுமானால், எறியும் வேகத்தை மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் கூட்ட வேண்டும். அதற்கு ஓர் ஆண்டு உடற்பயிற்சிக் கூடத்தில் உழைத்தாலும் உறுதியில்லை. மிட்டிலிருந்து பந்தை மறுகைக்கு மாற்றுவதிலும் காலை எடுத்து வைப்பதிலும் சில வாரங்கள் ஒழுங்காகப் பழகினால் அதே 0.1 விநாடி கிடைத்துவிடும். வீட்டில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டே செய்யலாம். என் அம்மா தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் கூடத்தில் நின்று செய்திருக்கிறேன். ஒரு பூச்சாடி போனது.

இன்னொன்றும் இருக்கிறது. பிட்சர் பந்தை விடுவதற்கே 1.7 விநாடி எடுத்துக்கொண்டால், வேகமான ஓட்டக்காரரை எந்தக் கேட்சராலும் பிடிக்க முடியாது. அப்போது தலையில் கைவைத்துக்கொண்டு பிட்சரைப் பார்க்கிறவன் அந்த ஓட்டக்காரரோடு சேர்த்துத் தன் இடத்தையும் ஓடவிடுகிறான்.

விக்கெட் காப்பாளர் பழக்கம்

தமிழ்ப் பையன்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அப்பாவோடும் மாமாவோடும் கிரிக்கெட் ஆடி, விக்கெட்டுக்குப் பின்னால் நின்று பழகியிருப்பார்கள். “அண்ணா, எனக்கு இது புதுசு இல்லை” என்பார்கள். புதிதாகவே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

விக்கெட் காப்பாளர் இரண்டு கைகளையும் சேர்த்து, பந்தோடு கையைப் பின்னால் விட்டுக்கொடுத்து வாங்குவார். அங்கே அது அழகு. இங்கே மிட் பின்னால் போனால், நடுவரின் கண்ணுக்குப் பந்தும் எல்லைக்கு வெளியே போகிறது. ஸ்ட்ரைக்காக (எல்லைக்குள் வந்த பந்தாக) வேண்டியது ‘பால்’ (எல்லைக்கு வெளியே போன பந்து) ஆகிவிடும். கேட்சர் ஒரே கையால், மிட் கொஞ்சம் முன்னே போய்ப் பந்தைச் சந்திப்பது போல வாங்க வேண்டும். மறுகை கணுக்காலுக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். எனக்கு அது பழக ஒரு பருவம் முழுக்க ஆனது. வலது மோதிர விரலின் நுனி இன்றும் லேசாக வளைந்துதான் இருக்கிறது. பேட்டில் உரசித் திரும்பிய பந்து அடித்தது அது. பயிற்றுவிப்பாளர் அந்த விரலுக்கு ஐஸ் கட்டிவிட்டுச் சொன்னது, “இனிமேல் கையை மறக்க மாட்டாய்.”

அதைவிடப் பெரிய தொல்லை தரையில் குத்தி வரும் பந்து. கிரிக்கெட் பழகிய கைகள் அதைப் பிடிக்கப் பார்க்கும். துள்ளி எழும் இடத்திலேயே லாவகமாகக் கவ்வ ஆசை வரும். பத்தில் ஆறு முறை கவ்வியும் விடுவார்கள், அதுதான் சிக்கல். மீதி நான்கில் மூன்றாம் பேஸில் இருப்பவர் ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடத்துக்கு) வந்து ஓட்டம் எடுத்துவிடுவார். பேட்டர் மூன்றாவது ஸ்ட்ரைக்கில் வீழ்ந்திருந்தாலும், பந்தைக் கேட்சர் விட்டுவிட்டால், முதல் பேஸ் காலியாக இருக்கும்போது அல்லது இரண்டு பேர் ஏற்கனவே அவுட் ஆகியிருக்கும்போது அவர் ஓடிப் பிழைக்கலாம் என்ற விதியும் இருக்கிறது. எனவே பிடிக்கக் கூடாது, மறிக்க வேண்டும். இரண்டு முழங்கால்களும் தரையில், மிட் கால்களின் இடைவெளியை அடைத்தபடி, தோள்கள் முன்னே குவிந்து, மார்பில் பட்ட பந்து ஹோம் பிளேட்டின் முன்னால் செத்து விழ வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. என் இடத்தைப் பிடித்த அந்தக் குட்டைப் பையன் இதை மட்டும்தான் என்னைவிட நன்றாகச் செய்தான். அவனுடைய சட்டையின் முன்பக்கம் எப்போதும் செம்மண் அப்பியே இருக்கும்.

மறிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கண்ணை மூடிக்கொள்வதும் இதோடு சேர்ந்தவை. முகக்கவசம் முன்னால் வரும் அடிக்குத்தான் அரண். தலையைத் திருப்பினால் காதும் கழுத்தும் திறந்துகிடக்கும். அந்தக் கவசமே ஒரு கல்லூரி அணியில் பிறந்தது என்பதைச் சொல்ல எனக்குப் பிடிக்கும். 1870களில் ஹார்வர்ட் அணியின் ஃபிரெட் தாயர் வாள்சண்டை முகமூடியை மாற்றியமைத்து, தன் கேட்சர் ஜேம்ஸ் டிங்கிற்குப் போட்டுவிட்டார். 1878இல் காப்புரிமையும் பெற்றார். முகத்துக்குக் கவசம் வந்த பிறகுதான் கேட்சர்கள் அச்சமில்லாமல் பேட்டருக்கு நெருக்கமாக உட்கார முடிந்தது. அவ்வளவு பாடுபட்டு ஒருவர் செய்து கொடுத்ததைப் போட்டுக்கொண்டு ஏன் கண்ணை மூட வேண்டும்?

பிட்சரைத் தெரியாமல் கேட்சர் இடம் கேட்பது

பட்டியலைப் பயிற்றுவிப்பாளர்தான் எழுதுகிறார். ஆனால் எழுதுவதற்கு முன் பிட்சர்களிடம், “யாருக்குப் போட உனக்கு வசதி?” என்று கேட்பார். நேரடியாகக் கேட்காதவர்கூட அவர்கள் முகத்தைப் பார்ப்பார். இதை அறியாத பையன்கள் அணியின் முதல் பிட்சருக்கு மட்டும் ஓடிப்போய் உட்காருவார்கள். நான்காவது பிட்சர், பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாதவன், வேலிக்கு எதிராகத் தனியாக எறிந்துகொண்டிருப்பான். அவனுக்கு யார் உட்காருகிறார் என்பதை ஒரு மூலையில் இருந்து யாரோ பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

போன ஆண்டு ஒரு பையன் சிறிய குறிப்பேடு ஒன்றை வைத்திருந்தான். பிட்சர் ஒருவருக்கு ஒரு பக்கம். “களைத்தால் பந்து உயரே போகும், தோளைத் தொட்டுக் காட்டு.” “தப்பாகப் போட்டால் பேசாதே. அவனே திரும்பி வருவான்.” “வளைபந்து முதல் இன்னிங்ஸில் விழாது, மூன்றாவதிலிருந்து கேள்.” இப்படி எல்லாம் தமிழில். ஏன் தமிழில் என்று கேட்டதற்கு, “மற்றவர்கள் எடுத்துப் படித்தால் பிட்சர் கோபித்துக்கொள்வான் அண்ணா” என்றான். அவனுடைய எறிதல் சுமார்தான். பருவம் தொடங்கியபோது அவன்தான் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருந்தான்.

குரல் இன்னொரு சங்கதி. களத்தில் மற்ற எட்டுப் பேரும் பேட்டரைப் பார்த்து நிற்க, கேட்சர் ஒருவர்தான் அந்த எட்டுப் பேரையும் பார்த்தபடி இருக்கிறார். உருட்டிவிட்ட பந்தை யார் எடுப்பது, எந்தப் பேஸுக்கு எறிவது என்று அவர் கத்தினால்தான் ஆட்டம் நகரும். மாண்டரினும் ஆங்கிலமும் ஓடும் அணியில் ஒரே தமிழ்ப் பையனாக இருந்தால் வாய் திறக்கக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. முதல் ஆண்டு நான் கத்தியதெல்லாம் பந்து போய்ச் சேர்ந்த பிறகுதான். பேஸின் எண்ணைத் தப்பாகக் கத்தினால்கூடப் பயிற்றுவிப்பாளர் மன்னிப்பார். அமைதியாக இருந்தால் மன்னிக்க மாட்டார்.

மற்றவை, சுருக்கமாக

வெளியே போன பந்தை மிட்டால் இழுத்து உள்ளே கொண்டுவந்து நடுவரை ஏமாற்றப் பார்க்காதீர்கள். ஓரத்தில் விழுந்ததை அசையாமல் நிறுத்திக் காட்டுவது வேறு, ஒரு முழம் தள்ளிப் போனதைத் திருடுவது வேறு. இரண்டாவதை இரண்டு முறை செய்தால், ஓரத்துப் பந்துகளும் உங்களுக்குக் கிடைக்காது.

“நான் கேட்சர் மட்டும்தான் ஆடுவேன்” என்று சொல்லாதீர்கள். மேஜர் லீக் கேட்சராகப் பெயர்பெற்ற பஸ்டர் போசி ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது ஷார்ட்ஸ்டாப். 2007இல்தான் கேட்சரானார், அடுத்த ஆண்டே அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் மிகப் பெரிய தனிநபர் விருதுகளில் ஒன்றான கோல்டன் ஸ்பைக்ஸைப் பெற்றார். வேறு இடங்களில் ஆடியவர் களத்தை வேறு விதமாகப் படிப்பார். அதே போசியின் பெயர் இன்னொரு தவறுக்கும் நினைவுக்கு வர வேண்டும். 2011இல் ஹோம் பிளேட்டில் ஓட்டக்காரர் மோதி அவருடைய கால் முறிந்தது. 2014 முதல் மேஜர் லீக்கில், பந்து கையில் இல்லாமல் ஓட்டக்காரரின் வழியை அடைத்து உட்காரக் கூடாது. பழைய காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்து மலை மாதிரி மறித்து நிற்பவர்களை இன்றும் பார்க்கிறேன். வீரம் என்று யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பயிற்றுவிப்பாளருக்குத் தொலைபேசியில் அழைத்து, “என் மகனை ஏன் போடவில்லை?” என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டியவன் மகன். கேட்கும் கேள்வியும் “ஏன் போடவில்லை” என்பதாக இல்லாமல், “எதில் பின்தங்கியிருக்கிறேன்” என்பதாக இருக்க வேண்டும். துணைப்பாட வகுப்பைச் சனிக்கிழமை காலையில் வைக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

போட்டியாளனோடு பேசாமல் இருப்பதும் தவறுதான். மூன்று மாதம் நான் அந்தக் குட்டைப் பையனுக்கு முகம் கொடுக்கவில்லை. ஒரு நாள் மின்னல் எச்சரிக்கை ஒலித்து எல்லாரும் கூரைக்கு அடியில் ஒதுங்கினோம். பக்கத்தில் அவன்தான் இருந்தான். வேறு வழியில்லாமல் கேட்டேன், எப்படி உனக்குப் பந்து மார்பிலேயே நிற்கிறது என்று. அவன் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு, மூச்சை வெளியே விட்டு மார்பைத் தளர்த்திக் காட்டினான். நெஞ்சை நிமிர்த்தினால் பந்து தெறித்து ஓடும், மூச்சை விட்டால் மெத்தை போல வாங்கிக்கொள்ளும் என்றான். மழை விடும் வரை மில்லோ டின்னை உருட்டி உருட்டிப் பழகினோம்.

கடைசியாக மிட். இந்த ஊரின் புழுக்கத்துக்குத் தோல் தாங்காது. தேர்வுக் காலத்தில் மூன்று வாரம் பையிலேயே கிடந்த என் முதல் மிட்டில் பச்சைப் பூஞ்சை பூத்து, உள்ளே விரலை விடவே முடியவில்லை. பயிற்சி முடிந்த அன்றே துடைத்து, உள்ளே ஒரு பந்தை வைத்து, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் தோல் வெடித்துவிடும். எங்கள் வீட்டில் காற்று நன்றாக வரும் ஒரே இடம் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தோல் சாமானை அங்கே வைக்கக் கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். அதனால் சமையலறைச் சன்னலோரத்தில், வெங்காயக் கூடைக்கு மேலே அதற்கு ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார். அந்த ஆணியில் இப்போது பெருங்காயப் பை தொங்குகிறது.