அரை அட்டை பிரஷர் மாத்திரையும் மந்தமாகும் மூளையும்

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊரில் 22 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. ஆனால் யார் மாத்திரையை ஒழுங்காக வாங்குகிறார்கள், யார் நடுவில் நிறுத்துகிறார்கள் என்பது மருத்துவரைவிட எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எங்கள் கடைக்கு வருகிற கணக்கு வாத்தியார் ஒருவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்தே அரை அட்டைதான் வாங்குவார். "சார், போன மாசமும் பாதிதானே வாங்கினீங்க?" என்று கேட்டால், "தலைவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல. சும்மா எதுக்குப்பா மாத்திரைய முழுங்கணும்?" என்பார். நானும் அட்டையை வெட்டிக் கொடுத்துவிடுவேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

ஒரு நாள் 340 ரூபாய் பில்லுக்கு 500 ரூபாய் நீட்டினார். ஒரு நூறு, ஒரு ஐம்பது, ஒரு பத்து என்று மீதியைக் கொடுத்தேன். அந்த மூன்று நோட்டையும் மேசையில் வரிசையாக வைத்தார், திரும்ப அடுக்கினார், மறுபடியும் பிரித்து வைத்தார். 160 என்ற கூட்டுத்தொகை அவருக்குப் பிடிபடவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்த மனிதர் அவர். என் பெயரும் என் பையன் படிக்கிற காலேஜும் நன்றாக நினைவிருந்தன. திரும்பிப் போகும்போதுதான் கவனித்தேன், காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தார். அடுத்த வாரம் அவர் மனைவி வந்தபோது கேட்டேன். "ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஆளே மந்தமாயிட்டாரு" என்றார்.

வாத்தியாருக்கு எடுத்த ஸ்கேனில் மூளையின் உள்பகுதியில் வெள்ளைத் திட்டுகளும் பழைய சின்னச் சின்ன அடைப்புகளும் இருந்தன. அவருக்கு எப்போதும் வாய் கோணவில்லை, கை கால் விழவில்லை. அடைப்புகள் வந்த நாளே யாருக்கும் தெரியாது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் டெல்டாவையே பார்த்தால் போதும். ஆற்றில் தண்ணீர் ஓடும், வாய்க்காலில் பிரியும், கடைசியில் கடைமடை வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். மூளைக்கும் அப்படித்தான். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமித்து வைக்க அதனிடம் கிடங்கு கிடையாது, ஒவ்வொரு நிமிடமும் ரத்தம் வந்தாக வேண்டும். மூளையின் ஆழத்துக்குப் போகிற குழாய்களோ முடி அளவுக்குச் சன்னமானவை. பெரிய குழாயிலிருந்து நேராகப் பிரிவதால் பெரிய குழாயின் அழுத்தம் குறையாமல் அவற்றின் மேல் மோதுகிறது. வருடக்கணக்கில் அடி வாங்கிய சுவர் தடித்து, உள்வழி குறுகி, ஒரு நாள் மூடிக்கொள்கிறது. அந்தக் கடைமடைக்கு வேறு வாய்க்காலிலிருந்து தண்ணீர் வர வழியில்லை. அங்கே ஒரு சிறு குழி விழுகிறது.

அதனால்தான் "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று மாத்திரையை நிறுத்துவதை முதல் தவறு என்கிறேன். ரத்த அழுத்தம் கூடினால் தலைவலி வந்தே தீரும் என்பது வெறும் நம்பிக்கை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. மாத்திரை போட்டதால் 130-க்கு வந்திருக்கும். அதைப் பார்த்து "குணமாயிடுச்சு" என்று நிறுத்தினால் சில நாளில் பழைய அளவுக்குப் போய்விடும். குறைக்கலாமா, மாற்றலாமா என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

இரண்டாவது தவறு, மறதி வந்தால்தான் மூளை பாதித்திருக்கிறது என்று நினைப்பது. அல்சைமர் என்ற மறதி நோயில் பெரும்பாலும் முதலில் போவது அண்மைக்கால நினைவு. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதே மறந்துபோகும். ரத்தக் குழாய் வழியாக வரும் பாதிப்பு பல நேரம் வேறு மாதிரி ஆரம்பிக்கும். யோசனை மெதுவாகும். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய முடியாது. பேங்க் பாரம் நிரப்புவது, கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்று திட்டம் போடுவது இதெல்லாம் தடுமாறும். நடை மாறும், சிறுநீர் அவசரம் வரும். சின்ன விஷயத்துக்கு அழுவார், அல்லது எதிலும் ஆர்வம் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். வீட்டில் இருப்பவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்றோ, வயசான பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த மனிதர் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை.

"சரி, அல்சைமர் வேறு, ரத்தக் குழாய் நோய் வேறுதானே?" என்று கேட்கலாம். புத்தகத்தில் வேறு வேறுதான், மூளைக்குள் இரண்டும் பல சமயம் சேர்ந்தே இருக்கின்றன. அமெரிக்காவில் கன்னியாஸ்திரிகளை வைத்து ஒரு புகழ்பெற்ற ஆய்வு நடந்தது. இறப்புக்குப் பிறகு மூளையை ஆராயச் சம்மதித்தவர்கள் அவர்கள். 1997-ல் வெளியான அதன் முடிவு என்னை உலுக்கியது. மூளையில் அல்சைமர் மாற்றங்கள் இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் ஆழத்தில் சிறு அடைப்புகளும் இருந்தவர்களில் 93 சதவீதம் பேர் உயிரோடிருந்தபோதே அறிவுத்திறன் இழந்திருந்தார்கள். அடைப்பு இல்லாதவர்களில் அது 57 சதவீதம். மூளையில் அதே நோய் இருந்தும், ரத்தக் குழாய் நன்றாக இருந்தவர்களில் பலர் தெளிவாகவே வாழ்ந்து போயிருக்கிறார்கள்.

அடுத்தது, "வயசானா பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவது. வயதோடு ரத்த அழுத்தம் கூடுவது உண்மைதான், அது தீங்கில்லை என்பதுதான் தவறு. அமெரிக்காவில் ஸ்பிரின்ட் என்ற ஆய்வில் 50 வயதைத் தாண்டிய 9,361 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குப் பிரஷரின் மேல் அளவை (இரண்டு எண்ணில் பெரியதை) 140-க்குள்ளும் இன்னொரு பிரிவுக்கு 120-க்குள்ளும் வைக்க மருந்து கொடுத்தார்கள். 2019-ல் வந்த முடிவின்படி, 120-க்குள் என்று வைத்த பிரிவில் லேசான அறிவுத்திறன் குறைவு 19 சதவீதம் குறைந்திருந்தது. டிமென்ஷியா எனும் முழுமையான அறிவுத்திறன் இழப்பும் குறைவாகவே இருந்தது, ஆனால் அந்த வித்தியாசத்தை உறுதியாகச் சொல்ல எண்ணிக்கை போதவில்லை. நினைவுக்கு மாத்திரை என்று விற்பவர்கள் யாரிடமும் இந்த அளவுக்குச் சான்று இல்லை.

இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு நீங்களாகவே மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் சேர்க்கப்படவில்லை. குறுகிப்போன வாய்க்காலில் ஆற்று மட்டத்தைத் திடீரென்று இறக்கினால் கடைமடைதான் முதலில் காயும். படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டுகிறது, தள்ளாடுகிறது என்று பெரியவர்கள் சொன்னால், உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிரஷர் பார்ப்பதிலேயே எத்தனை தவறு! வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த கையோடு, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றச் சொல்வார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மருமகளைப் பற்றிப் பேசுவார்கள். நான் இப்போது கடையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். காபி, பீடி, சிகரெட் முடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பட்டை வெறும் கையில்தான் சுற்ற வேண்டும், பருமனான கைக்குப் பெரிய பட்டை வேண்டும். பேச்சு கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை பார்த்து இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் பார்க்கும்போது திரும்பத் திரும்ப 135/85-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்புறம், இதெல்லாம் அறுபதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்கிற எண்ணம். லண்டன் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வில், 50 வயதிலேயே மேல் அளவு 130-ஐத் தொட்டவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 60-லும் 70-லும் எடுத்த அளவுக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. கெடுதல் தொடங்குவது நடுவயதில். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற, வீட்டுக் கடன் கட்டுகிற, தன் உடம்பைப் பார்க்க நேரமே இல்லாத அந்த வயதில்தான். எங்கள் கடையில் அப்பாவுக்கு மருந்து வாங்க வருகிற 45 வயது மகனைத்தான் நான் இப்போது நாற்காலியில் உட்கார வைக்கிறேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். அவர்கள் வரும்போது "அப்பாவுக்கு மட்டும் பாருங்க" என்று சொல்லாமல் நீங்களும் கையை நீட்டுங்கள்.

சர்க்கரை விஷயத்தில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. கூடினால் குழாய் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வயதானவர்களுக்குச் சர்க்கரை அடிக்கடி மிகவும் தாழ்ந்து போவதும் மூளைக்குக் கெடுதல் என்பது பலருக்குத் தெரியாது. விரதம் என்று சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போடுகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். இன்னொன்று, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைவும் தைராய்டு குறைவும் மறதியைக் கொண்டுவரும், இரண்டுமே சரி செய்யக்கூடியவை. அதனால் மறதி என்றதும் "வயசு" என்று முடிவு கட்டாமல் இந்த ரத்தப் பரிசோதனைகளை முதலில் கேளுங்கள்.

என் கவுண்டரிலேயே நடக்கிற தவறுகளையும் சொல்லியாக வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையைச் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் கேட்பார்கள். அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். "ரத்தம் கெட்டியாகாம இருக்க" என்று தானாகவே தினம் ஆஸ்பிரின் போடுபவர்களும் உண்டு. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அது தேவையான மருந்து. ஆனால் அப்படி எதுவும் வராத முதியவர்கள் 19,114 பேரிடம் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வில், ஆஸ்பிரின் டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை, ரத்தக் கசிவைத்தான் கூட்டியது. 2018-ல் வந்த முடிவு இது. நினைவாற்றலுக்கு என்று ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள், டிமென்ஷியாவை அது தடுக்கவில்லை என்று 2008-லேயே தெரிந்துவிட்டது. இதில் எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான். மாதம் 600 ரூபாய்க்கு நினைவு டானிக் வாங்குகிற அதே கை, விலை குறைந்த பிரஷர் மாத்திரையை அரை அட்டையாகக் கேட்கிறது.

உப்பைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூன்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று தட்டில் அடுக்கினால் கணக்கு சரியாகாது. புகையை விடுவதும் தினமும் வேகமாக நடப்பதும் குழாய்க்கு நல்லது என்று எல்லோரும் அறிவோம். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவரை மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவும் பிரஷரை ஏற்றும்.

நாடித் துடிப்பையும் விட்டுவிடக் கூடாது. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தால் தாளம் தப்பித் தப்பி அடிக்கிறதா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற அந்தக் கோளாறில் இதயத்துக்குள் ரத்தம் தேங்கி உறைந்து, அந்த ரத்தக் கட்டி மூளைக்கு ஓடலாம். பக்கவாத வாய்ப்பு 5 மடங்கு கூடும். ஈ.சி.ஜி. எடுத்தால் தெரியும், உறையாமல் தடுக்க மருந்து இருக்கிறது.

கடைசியாக, எனக்குப் பயம் தருகிற தவறு. கை மரத்தது, பேச்சு குழறியது, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சரியாகாமல் நீடித்தால் 108-ஐ உடனே கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். அதுவரை ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் அழிந்துகொண்டிருக்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிரஷர் மாத்திரையையோ ஆஸ்பிரினையோ கொடுக்காதீர்கள். ரத்தம் அடைத்திருக்கிறதா, கசிந்திருக்கிறதா என்பது ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். எப்போது கடைசியாக நன்றாக இருந்தார் என்ற நேரத்தை மட்டும் ஒரு சீட்டில் எழுதி கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

வாத்தியாருக்கு இப்போது அவர் மனைவிதான் மாத்திரை வாங்க வருகிறார். முழு அட்டை, கூடவே பிரஷர் எழுதிய நோட்டு. போன செவ்வாய்க்கிழமை 128/76. தேதியை வாத்தியாரே தன் கையால் எழுதியிருந்தார், எழுத்து கொஞ்சம் சின்னதாகியிருந்தது.