நீர்க்கடுப்புக்கு மாத்திரை போடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தடவை நீர்க்கடுப்பு வந்தபோது கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கில் நாலு மாத்திரை மிச்சம் இருக்கும். மறுபடி எரிச்சல் தொடங்கியதும் அதில் இரண்டை எடுத்து விழுங்குவது பினாங்கில் நம் வீடுகளில் சர்வசாதாரணம். தமிழ்நாட்டுக்குப் போய்வரும்போது இரண்டு அட்டை வாங்கி வருகிறவர்களும் உண்டு. மலேசியாவில் டாக்டர் சீட்டு இல்லாமல் பார்மசியில் ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது. அந்தத் தடை நம்மைக் காப்பதற்காகத்தான் இருக்கிறது.

சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலி என்ற கிருமி. அது நம் குடலிலேயே குடியிருப்பது. நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் சிறுநீர்ப்பையோடு நிற்பதில்லை, குடலில் உள்ள கிருமிகளையும் தாக்குகிறது. அதில் தப்பிப் பிழைப்பவை அந்த மருந்துக்கு மசியாதவை. அடுத்த முறை சிறுநீர்ப்பைக்கு ஏறி வருவது அவையாகவே இருக்கலாம். தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு மாத்திரையும் அடுத்த தொற்றைக் கடினமாக்குகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதைவிடப் பெரிய தவறு, சோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும் முன்பே மாத்திரை போட்டுவிடுவது. கல்ச்சர் சோதனையில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்க்கிறார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். உள்ளே மருந்து போயிருந்தால் கிருமி வளராமலே போகலாம், டாக்டருக்கும் வழி தெரியாது. இளம் பெண்ணுக்கு முதல் முறை வரும் சாதாரணக் கடுப்புக்குக் கல்ச்சர் எப்போதும் தேவைப்படாது. ஆனால் அடிக்கடி வருகிறவர்கள், கர்ப்பிணிகள், ஆண்கள், மருந்து எடுத்தும் குணமாகாதவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். அண்மையில் எடுத்த ஆன்டிபயாட்டிக்கின் பெயரையும் சொல்லுங்கள்.

சரி, புது மருந்துகள் வந்துவிட்டனவே? வந்திருக்கின்றன, அது நல்ல செய்திதான். கெபோடிடாசின் என்ற மாத்திரைக்கு 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கிருமி தன் டி.என்.ஏ.வைப் படியெடுப்பதை, பழைய மருந்துகள் தொடாத இடத்தில் போய்ப் பிடித்து நிறுத்துகிறது. சுலோபெனெம் மாத்திரைக்கு 2024 அக்டோபரில் அங்கே அனுமதி கிடைத்தது. சிக்கலான தொற்றுக்கான ஓர் ஊசி மருந்தில் உள்ள என்மெட்டாசோபாக்டம் சென்னையின் ஆர்கிட் பார்மாவில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனாலும் 'புதுசு கொடுங்க டாக்டர்' என்று கேட்பது தவறு. 1950களில் வந்த நைட்ரோபுரான்டோயின் சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்றும் நன்றாக வேலை செய்கிறது. பாஸ்போமைசின் ஒரே வேளை மருந்து. புதியவற்றை, இவை கைகொடுக்காதவர்களுக்காக விட்டுவைக்க வேண்டும்.

வயதானவர்கள் விஷயத்தில் வேறொரு தவறு நடக்கிறது. அம்மாவின் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது, சோதனையில் கிருமி இருப்பதாக வந்தது என்று உடனே மருந்து கேட்கிறோம். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் சில சிகிச்சைகளுக்குத் தயாராகிறவர்களும் விதிவிலக்கு.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வருவது பற்றி வெளியே பேசவே கூச்சப்படுகிறோம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்புப் பகுதி வறண்டுபோவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தொற்றைக் குறைக்கும். மெத்தனமின் ஹிப்புரேட் என்ற மாத்திரை ஆன்டிபயாட்டிக் இல்லை. தொற்று வராமல் தடுப்பதில் தினசரி ஆன்டிபயாட்டிக்குக்கு அது சளைத்ததல்ல என்று 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. இவற்றை டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பார்லித் தண்ணீர் குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் வந்த தொற்றை அது குணமாக்காது. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் கல்கண்டு போட்டுக் குடிக்கவே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். குறைவாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி தொற்று வரும் பெண்கள் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

அப்புறம், காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க முதுகுவலி, வாந்தி என்று வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். நைட்ரோபுரான்டோயினும் ஒரு வேளை பாஸ்போமைசினும் அங்கே போதிய அளவு சேராது. ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கர்ப்பிணிகளும் இனிப்பு நீர் உள்ளவர்களும் காலை வரை காத்திருக்கக் கூடாது.