ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதா? கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

புதிதாக ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் தானாகக் கரண்டை வெட்டும் ஸ்விட்ச்) மாட்டிய பழைய வீட்டில் முதல் மழைக்கே அது நாலைந்து முறை விழும், அதாவது தானாக இறங்கிக் கரண்டை நிறுத்தும். வீட்டில் சண்டை ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜில் இருந்த பால் திரிந்தது யார் குற்றம்? கடைசியில் யாராவது தீர்ப்பு சொல்வார்கள்: "எம்.சி.பி. இருக்கு, எர்த் இருக்கு, இது எதுக்கு? பைபாஸ் பண்ணிடலாம்." எம்.சி.பி. என்பது கரண்ட் அளவுக்கு மீறினால் வெட்டும் ஸ்விட்ச். அப்படி பைபாஸ் செய்தால் விழுவது நிற்கும், கசிவு நிற்காது. விழும் ஆர்.சி.சி.பி.க்களில் பழுதானவை குறைவு. பெரும்பாலும் கோளாறு வயரிங்கிலோ, ஒரு பழைய கீசரிலோ, எப்போதோ எவரோ மாற்றிக் கொடுத்த ஒரு நியூட்ரலிலோ இருக்கும். வரிசையாகத் தேடினால் அகப்படும்.

முதலில் "எம்.சி.பி. போதும்" என்ற வாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீசரின் உள்ளே பேஸ் வயர் உடலைத் தொட்டுவிட்டது. கரண்ட் எர்த் வயர் வழியாக வாசலில் உள்ள எர்த் குழிக்கு இறங்கி, மண் வழியாக டிரான்ஸ்பார்மரின் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பாதை முழுவதற்கும் தடை 10 ஓம் என்று வையுங்கள். மோசமான எர்த் அல்ல, வெயில் காலத்தில் பல வீடுகளில் இதைவிடக் கூடுதலாக இருக்கும். 230 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 23 ஆம்பியர். கீசருக்குப் போட்டிருப்பது 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. அது உடனே விழ 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 23 ஆம்பியர் என்பது ஒன்றரை மடங்குகூட இல்லை. அதற்கு அது ஒரு மணி நேரம்கூடச் சும்மா இருக்கலாம். தரப்படியே அப்படித்தான். அந்த 10 ஓமில் 8 ஓம் உங்கள் குழியினுடையது என்றால், அவ்வளவு நேரமும் கீசரின் உடலில் 184 வோல்ட் நிற்கும். எர்த்தும் இருக்கிறது, எம்.சி.பி.யும் இருக்கிறது, ஆனாலும் குழாயைத் திறப்பவருக்கு ஷாக்.

ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறு ஒன்றை. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று மட்டும் அது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 வினாடிக்குள் வெட்டிவிடும். அதைப்போல் ஐந்து மடங்கு குறைந்தால் 0.04 வினாடி. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் வீட்டு இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியரை வரம்பாக வைத்திருப்பதற்குக் காரணம் மனித இதயம். அதற்கு மேற்பட்ட கரண்ட் நெஞ்சு வழியாக ஒரு வினாடி நீடித்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் தொடங்குகிறது.

எதிர்வாதத்திலும் உண்மை உண்டு. ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் இரண்டையும் ஆர்.சி.சி.பி. பார்க்காது, எம்.சி.பி. கட்டாயம் கூடவே வேண்டும். ரப்பர் செருப்போடு நின்று ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் அதற்கு அது வெறும் பல்பு மாதிரித்தான் தெரியும், விழாது. எர்த் இல்லாத வீட்டில், யாராவது தொட்ட பிறகுதான் விழும். ஷாக் அடிக்கும், ஆனால் பிடித்து வைக்காது. அதனால் எர்த்தும் வேண்டும், எம்.சி.பி.யும் வேண்டும், இதுவும் வேண்டும்.

இனி தேடும் வேலை. எப்போது விழுகிறது என்பதை இரண்டு நாள் எழுதி வையுங்கள். தூக்கிவிட்ட உடனே விழுகிறதா, குறிப்பிட்ட ஒரு சாதனத்தைப் போட்டால் மட்டுமா, மழையன்றா, அல்லது எந்தப் பெரிய சாதனத்தைப் போட்டாலுமா? பாதி விடை இதிலேயே இருக்கிறது.

அடுத்து எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. ஸ்விட்ச் வெட்டுவது பேஸை மட்டும். மிக்ஸிக்குள் நியூட்ரல் உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் அந்தக் கோளாறு ஆர்.சி.சி.பி.க்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், டி.வி., தண்ணீர் ஃபில்டர், மொபைல் சார்ஜர், எதுவும் விட்டுப்போகக் கூடாது. கீசர், ஏ.சி., மோட்டார் போன்றவை பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்திருந்தால் அவற்றின் இருமுனை ஐசொலேட்டரை (பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் ஸ்விட்ச்) இறக்குங்கள்.

பிறகு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால், குற்றவாளி ஏதோ ஒரு சாதனம். ஒவ்வொன்றாக மாட்டி ஓடவிடுங்கள். சூடாகும் சாதனங்களுக்குக் குறைந்தது 15 நிமிடம் கொடுங்கள், ஏனென்றால் கீசர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றில் சில குளிர்ந்த நிலையில் நல்ல பிள்ளையாக இருந்து சூடேறியதும் கசியும். கீசர் காயிலின் உறையில் மயிரிழை விரிசல் விழுந்தால் தண்ணீர் உள்ளே போய் காப்புப் பொடியை நனைக்கும். போர்வெல் மோட்டாரில் கேபிள் இணைப்புக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். தானாகப் பனி உருக்கும் ஃபிரிட்ஜ் சில மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் ஹீட்டரை ஓட்டும். "நடு ராத்திரியில் மட்டும் விழுகிறது" என்ற புகாரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

எல்லாவற்றையும் பிடுங்கியும் நிற்கவில்லையா? எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒரு குறிப்பிட்ட எம்.சி.பி. ஏறும்போது விழுந்தால், அதிலிருந்து போகும் வயர் வரிசையில் (சர்க்யூட்டில்) பேஸிலிருந்து எர்த்துக்குக் கசிவு. மொட்டை மாடி விளக்கு, கேட் விளக்கு, காலிங் பெல், குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன், சுவருக்குள் வயர் போகும் பைப்பில் தேங்கிய தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மழையன்று மட்டும் விழும் வீட்டில் பெரும்பாலும் வெளிச்சுவர் விளக்குப் பெட்டிதான்.

இதுவரை வீட்டுக்காரரே செய்யலாம், ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. இதற்கு மேல் டிபி பாக்ஸின் (எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டி) மூடியைத் திறக்க வேண்டும். அதை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். மெயினை இறக்கிய பிறகும் மீட்டரிலிருந்து வரும் முனையில் கரண்ட் இருக்கும்.

எலக்ட்ரீஷியன்களையே திணறடிக்கும் கோளாறு நியூட்ரல் எர்த்தைத் தொடுவது. ஒற்றை முனை எம்.சி.பி. பேஸை மட்டும் வெட்டுகிறது, நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கிறது. எனவே எம்.சி.பி.யை இறக்கி ஏற்றும் சோதனையில் இது மாட்டாது. வீட்டில் லோடு குறைவாக இருக்கும்போது விழாது. அயர்ன் பாக்ஸ் போட்டாலும் விழும், ஏ.சி. போட்டாலும் விழும், மாறிமாறி விழும். நியூட்ரலில் கரண்ட் கூடும்போது அதில் ஒரு பங்கு எர்த் வழியாகக் குறுக்குப் பாதையில் போவதுதான் காரணம். சாதனங்கள் எல்லாம் குற்றமற்றவை, ஆனால் ஒவ்வொன்றாக ரிப்பேருக்குப் போய் வரும். இதற்கு ஒரே வழி, மெயினை இறக்கி, நியூட்ரல் லிங்கிலிருந்து (நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பட்டை) வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் மெகரில் (வயரின் காப்புத் தடையை அளக்கும் கருவி) அளப்பது. 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் வயர்தான் ஆள். மெகர் போடும்போது எந்தச் சாதனமும் மாட்டியிருக்கக் கூடாது. எல்.இ.டி. டிரைவர், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் எல்லாம் 500 வோல்ட்டில் போய்விடும், அவற்றையும் கழற்ற வேண்டும். மல்டிமீட்டர் இதற்கு உதவாது. அதன் சின்ன பேட்டரி வோல்ட்டேஜில் ஈரக் கசிவு தெரியாது.

பழைய வீடுகளில் இதன் காரணம் சில சமயம் வேண்டுமென்றே செய்ததாக இருக்கும். எர்த் வயர் இழுக்காத அறையில், மூன்று முனை சாக்கெட்டின் எர்த் முனையை ஒரு துண்டு வயரால் நியூட்ரலோடு சேர்த்திருப்பார்கள். ஆர்.சி.சி.பி. மாட்டிய அன்றே அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் துண்டை எடுத்தே ஆக வேண்டும். எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்தச் சாக்கெட்டில் மாட்டிய ஃபிரிட்ஜின் கதவு முழு 230 வோல்ட்டில் நிற்கும்.

இன்னொன்று நியூட்ரல் கலப்பு. கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. போட்ட இடங்களில் மாடிப்படி விளக்குதான் வழக்கமான வில்லன்: பேஸ் கீழேயிருந்து, நியூட்ரல் மேலேயிருந்து. விளக்கைப் போட்டதும் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ விழும். இங்கே கசிவே இல்லை. போன கரண்ட் வேறு வாசல் வழியாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.க்கும் தனி நியூட்ரல் லிங்க் வேண்டும். அதிலிருந்து பேஸ் போன வரிசையின் நியூட்ரல் அதே லிங்குக்குத்தான் வர வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்ற நிறக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்திருந்தால் இந்தத் தேடல் பாதியாகும். மிச்சமிருந்த பச்சை வயரை நியூட்ரலாக இழுத்த வீட்டில் யாராலும் உதவ முடியாது.

எந்தக் கோளாறும் இல்லாமலே விழும் வீடுகளும் உண்டு. கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி., எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றின் உள்ளே இருக்கும் மின் ஃபில்டர்கள் இயல்பாகவே கொஞ்சம் எர்த்துக்குக் கசியவிடும். வாஷிங் மெஷின் போன்ற நிலையான மோட்டார் சாதனங்களுக்குத் தரம் 3.5 மில்லி ஆம்பியர் வரை அனுமதிக்கிறது. 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் ஆர்.சி.சி.பி. 15க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம், 15 வரை விழக் கூடாது என்பதுதான் தரம். ஆகவே இயல்பான கசிவின் மொத்தம் 9 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது நல்லது. மில்லி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரைப் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அந்த மொத்தம் தெரியும். கூடுதலாக இருந்தால் வீட்டை இரண்டு அல்லது மூன்று ஆர்.சி.சி.பி.க்களாகப் பிரியுங்கள். கீசர், மோட்டார், வாஷிங் மெஷின் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆர்.சி.பி.ஓ. (ஆர்.சி.சி.பி., எம்.சி.பி. இரண்டும் சேர்ந்த ஒரே ஸ்விட்ச்) போடுவது இன்னும் மேல். ஒன்று விழுந்தால் மற்றது ஓடும், ஃபிரிட்ஜ் பாலும் பிழைக்கும்.

"100 மில்லி ஆம்பியர் போட்டுவிட்டால் விழாது" என்ற யோசனையும் கடைகளில் கிடைக்கும். விழாதுதான். 100, 300 எல்லாம் தீ விபத்தைத் தடுக்கவும், பின்னால் 30 இருக்கும் இடத்தில் முன்னால் நிற்கவும் ஆனவை. ஆளைக் காக்க அல்ல.

மாற்றும்போதும் புதிதாக வாங்கும்போதும் முகப்பைப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையோடு உள்ள லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் அசலா என்று தெரியும். ஒற்றை பேஸுக்கு இருமுனை, மூன்று பேஸுக்கு நான்குமுனை. 40 ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் நிற்கும் எம்.சி.பி. 40ஐ மிஞ்சக் கூடாது. அலைக் குறி மட்டும் போட்டது ஏ.சி. வகை (இது ஆர்.சி.சி.பி.யின் வகைப் பெயர், குளிர்சாதன ஏ.சி. அல்ல). அதன் கீழே அரை அலைகளும் வரைந்திருந்தால் ஏ வகை. இன்வெர்ட்டர் ஏ.சி.யும் புதிய வாஷிங் மெஷினும் உள்ள வீட்டுக்கு ஏ வகையே வாங்குங்கள். இவற்றின் கசிவு சுத்தமான அலையாக இருக்காது, ஏ.சி. வகை அதைக் கவனிக்காமலே போகலாம். மின்சாரக் காருக்கு வீட்டில் சார்ஜர் வைப்பவர்கள் அந்த வரிசைக்குத் தனியாக என்ன கேட்டிருக்கிறது என்று சார்ஜரின் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரி உள்ள வீட்டில் ஒன்று விட்டுப்போகும். மெயினில் உள்ள ஆர்.சி.சி.பி.யால், கரண்ட் போன பிறகு இன்வெர்ட்டர் தரும் பேஸை வெட்ட முடியாது. அது நிற்பது இன்வெர்ட்டருக்கு முன்னால். இன்வெர்ட்டரின் வெளிப்பக்கத்தில் இன்னொரு 30 மில்லி ஆம்பியர் வேண்டும், அந்த வரிசைகளின் நியூட்ரலையும் தனி லிங்குக்குப் பிரிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் வயர்மேனிடம் ஆர்.சி.டி. டெஸ்டர் (ஆர்.சி.சி.பி. சரியாக விழுகிறதா என்று அளக்கும் கருவி) இருந்தால் ஒரு சாக்கெட்டில் மாட்டச் சொல்லுங்கள். 15 மில்லி ஆம்பியரில் விழக் கூடாது. 30இல் 300 மில்லி வினாடிக்குள், 150இல் 40 மில்லி வினாடிக்குள் விழ வேண்டும். அதன் பிறகு மாதம் ஒரு முறை முகப்பில் உள்ள டெஸ்ட் பட்டனை நீங்களே அழுத்துங்கள். கம்ப்யூட்டரை மூடிவிட்டு அழுத்துங்கள். அந்தப் பட்டன் உள்ளே உள்ள பொறியைத்தான் சோதிக்கிறது, உங்கள் எர்த்தை அல்ல. வருடக்கணக்காக அசையாத பொறி இறுகிப்போகும் என்பதற்காகத்தான் இந்த மாதாந்திர அழுத்தல். கரண்ட் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.