டெல்டா சாலையில் அடிபட்டால்: பயணக் காப்பீட்டின் சட்டச் செலவுப் பிரிவு எதற்கு?

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பயணக் காப்பீட்டில் பார்ப்பது இரண்டே இரண்டு: ஆஸ்பத்திரிச் செலவுக்கு எவ்வளவு, பெட்டி தொலைந்தால் எவ்வளவு. அதே பத்திரத்தில் ‘சட்டச் செலவு’ என்று ஒரு பிரிவு இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. நமக்கு விடுமுறை மூன்று வாரம். விபத்து நஷ்டஈட்டு வழக்கு வருஷக்கணக்கில் நடக்கும். நாம் விமானம் ஏறிய பிறகு தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ நம் சார்பில் கோர்ட்டில் நிற்க ஒரு ஆள் வேண்டும், அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். அந்தப் பிரிவின் உண்மையான மதிப்பு அதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இங்கிலாந்தில் கார் காப்பீட்டோடு சேர்த்து எடுத்திருக்கும் சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் அந்நாட்டோடும் ஐரோப்பாவோடும் நின்றுவிடும். கும்பகோணம் வரை வராது. ஜெர்மனி, சுவிஸ் பக்கம் வாகனச் சட்டக் காப்பீடு வைத்திருப்பவர்களும் எந்தெந்த நாடு வரை செல்லும் என்ற பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். இந்தியாவில் கைகொடுப்பது பயணக் காப்பீட்டில் உள்ள பிரிவுதான். அதுவும் எல்லாப் பாலிசியிலும் இருக்காது. மலிவான பாலிசிகளில் முதலில் வெட்டப்படுவது இதுவாகத்தான் இருக்கும்.

டெல்டா சாலைக்கென்று சில ஆபத்துகள் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை. பாதிச் சாலையில் நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் செங்கல் அடுக்கியிருப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிவிடுவார்கள். செங்கல் அங்கேயே கிடக்கும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போகும். பின்விளக்கு எரியாது, எரிந்தாலும் வைக்கோல் மறைத்திருக்கும், நம்பர் பிளேட்டும் அதற்குள்தான். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இரவெல்லாம் சாலையோரம் போய்க்கொண்டிருப்பார்கள். முடிந்தவரை இருட்டிய பிறகு பயணம் வைக்காதீர்கள்.

அடுத்தது நீங்கள் ஏறும் வண்டி. திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதும், “நம்ம பையன்தான், டீசல் போட்டு ஏதோ கொடுத்தா போதும்” என்று மாமா ஏற்பாடு செய்த கார் நிற்கும். வெள்ளை நம்பர் பிளேட், அதாவது ஓன் போர்டு. வாடகைக்கு ஓட்ட அந்த வண்டிக்கு அனுமதி இல்லை. காசு கொடுத்துப் போனீர்கள் என்று தெரிந்தால் அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பார்க்கும். உறவுக்காரர் காரில் இலவசமாகப் போனாலும் இன்னொரு சிக்கல் உண்டு. அவர் தேர்ட் பார்ட்டி (வெளியே இருக்கும் மூன்றாம் நபருக்கான காப்பீடு) மட்டும் எடுத்திருந்தால், உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அந்தப் பாலிசி பொறுப்பேற்காது. எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி என்றால் உண்டு. வண்டி எண்ணைக் கொடுத்தால் மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். மாமா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வாடகைக்கு ஓட்ட அனுமதி உள்ள மஞ்சள் பிளேட் டி போர்டு வண்டியே எடுங்கள்.

அடிபட்டால் முதலில் 108 ஆம்புலன்ஸ். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், வெளிநாட்டவர் உட்பட, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ரேஷன் கார்டு கேட்க மாட்டார்கள்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலை எல்லோரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள். வழக்கின் அஸ்திவாரம் இதுதான். எந்த வண்டி மோதியது, எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதும்போது பக்கத்தில் நிற்கும் உறவினர் பதற்றத்தில் “வண்டியிலேருந்து விழுந்துட்டார்” என்று சொல்லிவிட்டால், பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துத் தொங்குவார்: தானாக விழுந்தவருக்கு எதற்கு நஷ்டஈடு? எழுதியதைப் படித்துப் பாருங்கள்.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்ப்பார்கள். அது புகார் வாங்கியதற்கான ரசீது மட்டுமே, எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். அணைக்கரை மாதிரி மாவட்ட எல்லையில் நடந்தால் ‘எங்க லிமிட் இல்லை’ என்பார்கள். எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

இதற்குள் டீக்கடை பெஞ்சில் பேச்சுவார்த்தை தொடங்கியிருக்கும். “தம்பி, நீங்க ஊருக்குப் போகப் போறவங்க, கோர்ட்டு கேசுன்னு எதுக்கு அலையணும்? பேசி முடிச்சுக்கலாம்.” ஒரு வெள்ளைத் தாள், ‘இனி எந்த ஆட்சேபணையும் இல்லை’ என்று ஒரு வரி, இருபதாயிரம் ரூபாய். சொல்கிறவர் நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லலாம். ஆனால் எலும்பு கூடியிருக்கிறதா என்று தெரியவே வாரக்கணக்காகும். அதோடு, உங்கள் பயணக் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் நீங்களாகச் சமரசம் செய்துகொண்டால் சட்டச் செலவுக் காப்பீடு அங்கேயே கைவிரித்துவிடும். கையெழுத்துப் போடாதீர்கள்.

மருத்துவமனை வாசலில் இன்னொருவர் வருவார். “சார், கேஸ் நாங்க பாத்துக்கிறோம், பைசா வேணாம், வர்றதுல பர்சன்டேஜ்.” நஷ்டஈட்டில் பங்கு பேசி வழக்கு எடுக்க இந்திய பார் கவுன்சில் விதிகள் வக்கீல்களை அனுமதிப்பதில்லை, ஆனாலும் நடக்கிறது. கையில் காசில்லாமல் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியவருக்கு இது பெரிய சபலம். சட்டச் செலவுக் காப்பீடு இருந்தால் இந்தப் பேரத்துக்குப் போகத் தேவையில்லை. வக்கீல் கட்டணம், கோர்ட் செலவு, மருத்துவ அறிக்கைக்கான செலவு ஆகியவற்றை வரம்புக்குள் அவர்கள் கொடுப்பார்கள்.

ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது: வக்கீலை நியமிக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்பே நிறுவனத்தின் அவசர எண்ணுக்குப் பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு முன் ஆன செலவைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். வழக்கில் ஜெயிக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆரும் ஏ.ஆர். காப்பியும் சரியாக இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும்.

வண்டியை நீங்களே ஓட்டி, தப்பும் உங்கள் பக்கம் என்றால் கதை வேறு. பயணக் காப்பீட்டின் சட்டச் செலவுப் பிரிவு பொதுவாக நீங்கள் நஷ்டஈடு கேட்பதற்குத்தான். உங்கள் மேல் வரும் குற்ற வழக்குக்கு அல்ல. பிறருக்கு நீங்கள் ஏற்படுத்தும் நஷ்டத்துக்கான பொறுப்புக் காப்பீட்டிலும் மோட்டார் வண்டியை விலக்கியிருப்பார்கள். எதிரே வந்தவர் இறந்துவிட்டால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. பாஸ்போர்ட், பயணம் எல்லாமே சிக்கலாகும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் மச்சானின் புல்லட்டை எடுத்துக்கொண்டு திருவையாறு வரை போய்வருவது, ஹெல்மெட் போட்டிருந்தாலும், வேண்டாத வேலை. உங்களோடு வந்த, உங்கள் பாலிசியிலேயே பெயர் உள்ள சகபயணி ஓட்டி உங்களுக்கு அடி என்றாலும் பல பாலிசிகள் உதவாது; ஒரே பத்திரத்தில் உள்ளவர்கள் ஒருவர்மேல் ஒருவர் போடும் வழக்குக்குச் செலவு செய்ய மாட்டார்கள்.

நஷ்டஈட்டு மனு மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடப்படும். விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் அல்லது எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலோ போடலாம். 2019 திருத்தம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது. ‘அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளாதீர்கள். வருமான இழப்பைக் கணக்கிட, வருஷ இழப்பைப் பெருக்க வயதுக்கு ஏற்ற ஒரு எண், அதாவது பெருக்கி, உண்டு: 36 முதல் 40 வயதுக்கு 15. வெளிநாட்டுச் சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, வேலைக்குப் போகாத நாட்களுக்கான முதலாளியின் கடிதம் எல்லாம் திரும்பிய உடனே திரட்டி அனுப்புங்கள். வழக்கை நடத்த உறவினருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதாக இருந்தால், அங்கே எழுதியது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். ஊனச் சதவீதத்தை மருத்துவக் குழு பார்க்க வேண்டியிருந்தால் நீங்களே நேரில் வரவேண்டும். அந்தப் பயணச் செலவை உங்கள் பாலிசி ஏற்குமா என்று அப்போதே கேட்டு வையுங்கள்.

விபத்து வழக்குகள் நிறைய மக்கள் நீதிமன்றத்தில் முடிகின்றன. சீக்கிரம் முடியும், ஆனால் அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. வக்கீல் போனில் ஒரு தொகை சொல்லி “சரின்னு சொல்லிடலாமா?” என்று கேட்டால், முதலில் அந்தத் தொகையை உங்கள் பயணக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். கேட்காமல் முடித்தால், அதுவரை தந்த வக்கீல் செலவைத் திருப்பிக் கேட்கும் நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கிறது.