பைக் கையுறை: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது

வண்டியிலிருந்து விழும்போது நாம் யோசிப்பதற்கு முன்பே கை தரையில் ஊன்றிவிடும், அதனால் கையுறையில் முதலில் பார்க்க வேண்டியது விரல் முட்டி மேல் இருக்கும் பளபள கவசத்தை அல்ல, உள்ளங்கையைத்தான். மணிக்கட்டை ஒட்டிய இடத்தில் வழவழப்பான கெட்டி பிளாஸ்டிக் துண்டு இருந்தால் நல்லது. தார் ரோட்டில் கை பிடித்துக்கொள்ளாமல் வழுக்கிப் போகும், மணிக்கட்டு எலும்புக்கு வரும் அடி குறையும். லேபிளில் இஎன் 13594 என்று இருக்கிறதா பாருங்கள். பைக் கையுறைக்கான ஐரோப்பியத் தரம் அது. 1, 2 என இரண்டு நிலை, 2 என்றால் கூடுதல் பாதுகாப்பு. விரல் பாதியில் வெட்டிய கையுறை வேண்டாம், விரல் நுனியும் உங்களுடையதுதானே.

சரி, அளவு? மாட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடிப்பதுபோல விரலை மடக்குங்கள். நுனி முட்டினால் சின்னது, உள்ளங்கையில் சுருங்கி மடிந்தால் பெரிது. அப்புறம் மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிவிட்டு இன்னொரு கையால் விரல் பக்கமிருந்து இழுத்துப் பாருங்கள். இப்போதே கழன்று வந்தால் விழும்போதும் கழன்றுதான் போகும். நான் முதலில் வாங்கியது அப்படித்தான், ஒரே இழுப்பில் கையோடு வந்தது.

மழையில் நனைந்த தோல் கையுறையை நிழலில் உலர்த்துங்கள், சூட்டில் வைத்தால் விறைத்துவிடும்.