எம்ஜிபி காரின் கியர்பாக்ஸ்: எது என்று கண்டுபிடித்து, எங்கே பழுது என்று பார்ப்பது

1971-ல் அபிங்டன் ஆலையில் செய்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நான் இங்கிலாந்தில் வாங்கினேன். இரண்டாவது கியர் போட்டாலே கரகரவென்று கத்தும். ஒரு பட்டறையில் காட்டியதும், "கியர்பாக்ஸ் போச்சு, இன்ஜினோடு இறக்கணும்" என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். கடைசியில் பழுதாக இருந்தது கிளட்ச் பெடலில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு பின். அதனால்தான் இந்த விளக்கத்தில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே நிறைய வேலை வைத்திருக்கிறேன். எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்க முடியாது. இன்ஜினையும் சேர்த்துத் தூக்கித்தான் ஆக வேண்டும். அவ்வளவு வேலையைத் தேவையில்லாமல் செய்யக்கூடாது.

படி 1: எந்தப் பெட்டி?

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்தது. மேனுவல் கியர்பாக்ஸில் இரண்டு வகை உண்டு. 1967 வரை வந்ததில் 2, 3, 4 ஆகிய கியர்களுக்கு மட்டும் சின்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கி, கியர் கத்தாமல் விழ வைக்கும் அமைப்பு). அதற்குப் பிறகு நான்குக்கும். இரண்டும் வெவ்வேறு பெட்டிகள், உதிரிபாகம் தப்பாக வாங்கினால் பணம் வீண்.

காரின் வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐம்பது அறுபது வருடத்தில் யார் எதை மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? முதலில் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பாருங்கள். தலையில் ஒன்றும் இல்லாத வெறும் உருளை என்றால் பழைய மூன்று சின்க்ரோ. முதுகில் சோலினாய்டு உட்கார்ந்திருந்தால் நான்கு சின்க்ரோ. ஃப்ளைவீலும் இன்ஜினின் பின்பக்கத் தகடும்கூட வேறு வேறு என்பதால் இந்த அடையாளம் பெரும்பாலும் ஏமாற்றாது. புதிய பெட்டி அகலமானது. அதற்காகவே கார் தரையின் நடுவில் ஓடும் டனலையும் அகலப்படுத்தினார்கள். எனவே பழைய காரில் அதை வெட்டாமல் ஒட்டாமல் நுழைக்க முடியாது.

ஓட்டிப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். நடை வேகத்தில் கார் உருளும்போது முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தால் நான்கு சின்க்ரோ. கத்தினால் மூன்று சின்க்ரோவாக இருக்கலாம். அப்படியென்றால் அது பழுதே இல்லை, அந்தப் பெட்டியின் சுபாவம். வண்டி முழுக்க நின்ற பிறகுதான் முதல் கியர் போட வேண்டும். முதல் கியரில் வரும் ஊளைச் சத்தமும் அப்படித்தான், அந்தப் பல்சக்கரம் நேர்ப்பல் வெட்டியது.

இன்ஜின் எண்ணும் கொஞ்சம் பேசும். 18ஜிபி-யு-ஹெச் என்பதில் உள்ள "யு" பழைய பெட்டியைக் குறிக்கும். அந்த இடத்தில் "டபிள்யூஇ" இருந்தால் நான்கு சின்க்ரோ. இவற்றுக்கு முன்னால் "ஆர்" ஒட்டியிருந்தால் ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் கூடுதல் கியர். "ஆர்சி" என்றால் ஆட்டோமேட்டிக், அதற்கு இந்தப் பதிவு உதவாது. ஆனால் இன்ஜினும் மாறியிருக்கலாம் என்பதால் இதைச் சாட்சியாக மட்டும் வையுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

படி 2: ஓவர்டிரைவ் இருக்கிறதா?

காரை ஜாக் வைத்துத் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது. பெட்டியின் பின்பக்கத்தில் தனியாக ஒரு குண்டான பாகமும் அதற்கு ஒயரும் போனால் அதுதான் லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவ். மூன்று சின்க்ரோவுடன் வந்தது டி வகை. நான்கு சின்க்ரோவுடன் வந்தது எல்ஹெச் வகை. எல்ஹெச்சில் கறுப்பு லேபிள், நீல லேபிள் என்று பிரிவு உண்டு. இரண்டுக்கும் ஸ்பீடோமீட்டர் கணக்கு (ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது) வேறு: கறுப்புக்கு 1280, நீலத்துக்கு 1000. பழைய யூனிட்டை மாற்றி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்.

நான்காவது கியரில் 1000 ஆர்பிஎம்முக்கு (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) மணிக்குச் சுமார் 18 மைல் வேகம் வரும். ஓவர்டிரைவ் விழுந்தால் அதே ஆர்பிஎம்முக்கு 22 மைல். சுவிட்சைப் போட்டதும் டாக்கோமீட்டர் முள் இறங்கவில்லை என்றால் ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை.

படி 3: முதல் சந்தேகம் கிளட்ச் மேல்

இன்ஜின் ஓடாதபோது எல்லாக் கியரும் வெண்ணெய் போல விழுகிறதா? ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறதா? அப்படியானால் கிளட்ச் முழுக்க விடுபடவில்லை. ஐடிலிங்கில் கிளட்சை மிதித்து, ஐந்தாறு வினாடி காத்திருந்து, ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. அத்தனை நேரம் காத்தும் கத்தினால் பல்சக்கரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

இப்போது ஒருவர் பெடலை மிதிக்கட்டும், நீங்கள் அடியில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டைப் பாருங்கள். 12 மில்லிமீட்டராவது நகர வேண்டும். குறைந்தால் பாதையை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் பக்கத்துச் சிலிண்டர்) தண்டையும் இணைக்கும் பின், கீழே கிளட்ச் ஃபோர்க்கில் உள்ள பின், பிறகு குழாயில் காற்று, கடைசியாகச் சிலிண்டர்களின் ரப்பர் சீல். என் காரில் மேல் பின் பாதி தேய்ந்து வளைந்த கிராங்க் மாதிரி ஆகியிருந்தது, பெடலில் இருந்த துளையும் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. பின்னை மாற்றி, துளைக்கு வெல்ட் வைத்து மறுபடி துளையிட்டதும் இரண்டாவது கியரின் கத்தல் நின்றது.

படி 4: ஆயில்

இரண்டு பெட்டிகளுக்கும் 20டபிள்யூ50 இன்ஜின் ஆயில்தான். கியர்பாக்ஸ் என்று பெயர் இருப்பதால் சிலர் தடித்த ஜிஎல்-5 கியர் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். அதிலுள்ள சேர்மானம் சின்க்ரோ வளையங்களின் பித்தளைக்கு ஆகாது. வழவழப்பு கூட்டும் டானிக்குகளும் வேண்டாம். ஓவர்டிரைவ் உள்ளே ஒரு கூம்பு கிளட்ச் பிடித்துத்தான் வேலை செய்கிறது, கியர்பாக்ஸுக்கும் அதற்கும் ஆயிலும் ஒன்றே, டானிக் கலந்தால் அந்தப் பிடி வழுக்கும். நான்கு சின்க்ரோ பெட்டிக்கு ஓவர்டிரைவ் இல்லாமல் சுமார் 3 லிட்டர், இருந்தால் 3.4 லிட்டர்.

காரைச் சிறிது தூரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடியுங்கள். வெள்ளைத் தட்டில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தங்கத்தூள் மாதிரி மினுமினுப்பு சின்க்ரோ வளையம் தேய்வதைக் காட்டும். இரும்புச் சில்லுகளோ ஊசி போன்ற துண்டுகளோ வந்தால் பேரிங் சிதறுகிறது. அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

படி 5: காது சொல்வது

நியூட்ரலில் கிளட்சை விட்டிருக்கும்போது உறுமல், மிதித்ததும் அடங்குகிறது என்றால் முன் ஷாஃப்ட் பேரிங் அல்லது லேஷாஃப்ட் (பெட்டிக்குள் துணையாக ஓடும் தண்டு) பேரிங். மிதித்தால்தான் சத்தம் என்றால் கிளட்சின் ரிலீஸ் பேரிங். இந்தக் காரில் அது ஒரு கார்பன் வளையம், அதனால்தான் சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கக் கூடாது. 1, 2, 3 கியர்களில் இரைந்து நான்கில் மட்டும் அமைதியானால் லேஷாஃப்ட் மேல்தான் பழி. நான்காவது கியரில் விசை அதன் வழியாகப் போவதில்லை. கிளட்ச் சரியாக இருந்தும் ஒரே ஒரு கியர் மட்டும் கத்தினால் அந்தக் கியரின் சின்க்ரோ வளையம்.

படி 6: ஓவர்டிரைவ் விழவில்லை என்றால்

இதில் பெரும்பாலும் குற்றவாளி மின்சாரம்தான். இக்னிஷனைப் போட்டு, இன்ஜினை ஓடவிடாமல், நான்காவது கியரில் வைத்துச் சுவிட்சைத் தட்டுங்கள். அடியில் "க்ளிக்" கேட்க வேண்டும். கேட்கவில்லையா? டெஸ்ட் லைட்டுடன் மஞ்சள் ஒயரைத் தொடருங்கள். பெட்டியின் மேல் ஒரு சிறிய தடுப்புச் சுவிட்ச் உண்டு. தாழ்ந்த கியர்களிலும் ரிவர்ஸிலும் ஓவர்டிரைவ் விழாமல் அதுதான் காக்கிறது. ரிவர்ஸில் விழுந்தால் உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் நொறுங்கும். அதனால் இந்தச் சுவிட்சை நேரடியாக இணைத்து "சரிசெய்யும்" குறுக்குவழியை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

க்ளிக் கேட்டும் விழவில்லை என்றால் ஆயில் அளவையும், பிறகு அடியிலுள்ள சல்லடை ஃபில்டரையும் பாருங்கள். டி வகையில் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு உண்டு: சோலினாய்டுக்கு மின்சாரம் கொடுத்தபடி, பக்கவாட்டு லீவரின் துளை வழியாக 3/16 அங்குலத் துரப்பண முனை உறையில் உள்ள துளைக்குள் நேராகப் போக வேண்டும். போகவில்லை என்றால் லீவரைச் சரிசெய்யுங்கள். இதை அப்படியே விட்டால் சோலினாய்டின் 17 ஆம்பியர் இழுப்புச் சுருள் அணையாமல் எரிந்துபோகும்.

படி 7: இத்தனைக்கும் பிறகு கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

பானெட், ரேடியேட்டர், கார்புரேட்டர்கள், கியர் லீவர், பிராபெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஒயர்கள் எல்லாவற்றையும் பிரித்து, கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, இரண்டையும் ஒன்றாகச் சாய்த்துத் தூக்க வேண்டும். முதலில் ஆயிலை வடித்துவிடுங்கள். மறந்தால் வால்பக்கம் தாழும்போது தரை முழுக்க ஆயில்.

பெட்டியைப் பிரிப்பதை முதல் தடவை செய்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தெரிந்தவரிடம் கொடுத்து, பேரிங், லேஷாஃப்ட், சின்க்ரோ வளையம் மாற்றச் சொல்லுங்கள். கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கச் சீல் ஆகியவற்றை நீங்களே இப்போதே மாற்றிவிடுங்கள், பின்னால் ஒன்று போனால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ஓவர்டிரைவைப் பெட்டியோடு சேர்க்கும்போது உள்ளே இரண்டு வரிசை ஸ்ப்லைன்கள் (தண்டு மாட்டிக்கொள்ளும் நீளப் பற்கள்) ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கையால் தள்ளி ஒட்டி உட்கார வேண்டும். நட்டை இறுக்கி இழுத்து உட்கார வைத்தால் உடையும்.

மாட்டியதும் ஆயில் ஊற்றி, ஓவர்டிரைவைப் போட்டு எடுத்து சில மைல் ஓட்டுங்கள். நிறுத்தி மறுபடி அளவு பாருங்கள், யூனிட் உள்ளே இழுத்துக்கொண்டதால் கட்டாயம் குறைந்திருக்கும். நிரப்புங்கள். 500 மைலில் அந்த ஆயிலை வடித்து, மறுபடி வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள்.